தண்ணீர் கேட்காத செடி

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் வரவேற்பறைக்கு யாரும் வரமாட்டார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தொழிலாளர்கள் பக்கவாட்டு கேட் வழியாக டைம் ஆபீஸுக்குப் போவார்கள். சரக்கு லாரிகள் பின்பக்கம் போகும். பெரிய அதிகாரிகள் போர்ட்டிகோவில் காரை விட்டு இறங்கி, கண்ணாடிக் கதவைத் தாங்களே தள்ளிக்கொண்டு, போனில் பேசியபடியே லிஃப்டுக்குள் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது கூரியர்காரர்களும், பக்கத்துக் கம்பெனிக்குப் போக வேண்டி வழி தவறி வந்து நிற்பவர்களும்தான். ஆனாலும் வரவேற்பறை என்று ஒன்றைக் கட்டியாயிற்று, அதில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பி.காம். முடித்துவிட்டு வந்த நான் அங்கே உட்கார்ந்தேன்.

சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. வெளியே எந்நேரமும் புழுதி, உள்ளே ஏசிக் குளிர். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட எவரும் பிரிக்கவில்லை, உட்கார ஆள் வந்தால்தானே. வெகுநேரம் பேசாமலே இருந்துவிட்டுத் திடீரென்று போன் அடித்தால், "குட் ஆஃப்டர்நூன்" சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். ஊரில் என்னை வாயாடி என்பார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கியிருந்தது குன்றத்தூரில், பெண்கள் விடுதி ஒன்றில். அறையில் என்னோடு இரண்டு பேர். இருவரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள், வேறு வேறு கம்பெனி. நான் கிளம்பும்போது ஒருத்தி தூங்குவாள், திரும்பி வரும்போது இன்னொருத்தி தூங்குவாள். அவர்கள் முகத்தைவிட அவர்கள் போர்த்தியிருந்த போர்வைகளைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். சில மாதங்களுக்கு ஒருமுறை போர்வை மாறியிருக்கும். ஓ, புது ஆள் என்று நினைத்துக்கொள்வேன்.

சம்பளமோ சாப்பாடோ எனக்குப் பெரிய குறையாக இல்லை. நான் ஒருநாள் வராமல் போனால், ஏன் இவள் வரவில்லை என்று கவனிக்கிற ஒரு உயிர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அதை வாய்விட்டு யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால், என்னடா இது தொல்லை என்று நகர்ந்துவிடுவார்கள்.

என் மேஜை ஓரத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டியில் செடி ஒன்று இருந்தது. கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்கும் இலைகள், பச்சையில் வரி வரியாகக் கோடு, ஓரத்தில் மஞ்சள் கரை. ஸ்நேக் பிளான்ட் என்று பெயர். எங்கள் பக்கம் வேலியோரங்களில் மருள் என்று ஒன்று முளைத்துக் கிடக்கும், அதன் பட்டணத்துச் சொந்தம். முதலில் நான் அதைச் சட்டை செய்யவே இல்லை. பூவும் இல்லை, வாசமும் இல்லை, காற்றடித்தால் அசைவதும் இல்லை. அது ஒரு செடியா என்றிருந்தது.

பிறகு ஒருநாள் மதியம், பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்ட இடமில்லாமல் அதில் ஊற்றினேன். மண் அதைச் 'சர்ர்' என்று உறிஞ்சிக்கொண்டது. அன்றைக்கு நான் செய்த ஒரு காரியத்துக்குக் கிடைத்த ஒரே பதில் அந்தச் சத்தம்தான். அடுத்த நாளும் ஊற்றினேன். அதற்கப்புறம் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன். கவனிக்க நேரமில்லாதவர்கள் வளர்க்க ஏற்ற செடிகள் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தார்கள். மணி பிளான்ட், இசட் இசட் என்று சிலவற்றைச் சொல்லி, எல்லாவற்றுக்கும் மேலே என் செடியை வைத்திருந்தார்கள். மறதிக்காரர்கள், அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், வீட்டில் ஆளில்லாதவர்கள் வாங்கலாமாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் போதுமாம், மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் விட வேண்டுமாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அது சோம்பேறிகளுக்குச் சொன்னது. நான் மறதிக்காரியும் இல்லை, ஊர் சுற்றுகிறவளும் இல்லை. என்னிடம் நேரம் இருந்தது, நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பிள்ளைக்குப் பசித்தால் மட்டும் சோறு போடு என்று எந்தத் தாயாவது கேட்டுக்கொண்டிருப்பாளா. நான் தினமும் ஊற்றினேன்.

இலைகளை ஈரத்துணியால் துடைப்பேன். யாரும் இல்லாத வேளையில் பேசுவேன். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, வேறு தோழி ஏறியதும் அவளுக்குக் கொடுத்த பெண்ணைப் பற்றிச் சொல்வேன். அது கேட்டுக்கொள்ளும். குறுக்கே பேசாது.

அந்தச் செடிக்கு ஒரு குணம் இருந்தது. வாரம் முழுக்கச் சும்மா நிற்கும், திடீரென்று ஏதோ ஒரு திங்கட்கிழமை காலை மாற்றம் காட்டும். ஒரு இலை கூடியிருக்கும், அல்லது பளபளப்பு ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவில் இருந்துவிட்டு வரும் என்னை ஆச்சரியப்படுத்தவே அப்படிச் செய்கிறது என்று நான் பெருமைப்பட்டேன். எல்லாம் நம் கைராசி என்று நினைப்பு.

ஒரு திங்கட்கிழமை நடுவில் இருந்த உயரமான இலையைக் காணோம். யாரோ ஒடித்திருக்கிறார்கள். வல்லக்கோட்டையிலிருந்து வரும் ஹவுஸ்கீப்பிங் அக்காவைத் தவிர அங்கே மாப்பும் கையுமாக நடமாடுகிறவர்கள் யாருமில்லை. நேராகப் போய்க் கேட்டுவிட்டேன்.

"அக்கா, செடியை இடிச்சீங்களா?"

"இன்னாத்துக்கு பாப்பா நான் அத்த இடிக்கப் போறேன்? நான் தொட்றதே இல்ல."

"அப்ப இலை எங்க போச்சு? நடந்து போயிருச்சா?"

"அது போச்சோ வந்துச்சோ எனுக்கு இன்னா தெரியும். என் மேல பழி போடாத, சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அக்கா என் மேஜைப் பக்கம் மாப் போடுவதை மட்டும் கடைசியாக வைத்துக்கொண்டாள். என்னோடு தினமும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்த ஒரே மனுஷியையும் இப்படியாக நான் இழந்தேன். நியாயம் என் பக்கம் என்று நினைத்ததால் அப்போது வருத்தம்கூடத் தெரியவில்லை.

அந்த வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். லீவோடு சேர்த்துச் சில நாள் கூடுதலாக எழுதிக் கொடுத்திருந்தேன். அண்ணன் மகளுக்குக் காது குத்து வேறு வைத்திருந்தார்கள். கரும்பும் பனங்கிழங்கும் தின்றுகொண்டு, எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தேன். ஆனால் மாட்டுப்பொங்கல் அன்றே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. ஏசியை அணைத்துப் பூட்டிய அறையில் தண்ணீரில்லாமல் அது நிற்கிறதே. அக்காவிடமும் சொல்லிவிட்டு வர முடியவில்லை, பேச்சு வார்த்தை இல்லை. காது குத்துக்கு முந்தின நாள் பையை எடுத்துவிட்டேன்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தவா இம்புட்டுத் தூரம் ஓடுத? இங்கன பெத்தவ நிக்கேன், கண்ணுக்குத் தெரியலையா?"

"அது தனியா இருக்கும்மா."

"நானுந்தாம்ட்டி தனியா இருக்கேன்."

அண்ணனும் அண்ணியும் பேத்தியும் கூடவே இருக்க, இவளுக்கு என்ன தனிமை என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். திரும்பி வந்து கதவைத் தள்ளியபோது செடி முன்னைவிட நன்றாக இருந்தது. பார்த்தாயா, என்னைப் பார்த்ததும் எப்படி நிற்கிறது என்று அதையும் என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னார்கள். மறுநாள் வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், வரவேற்பறையைச் சரி செய்து வைக்க வேண்டும் என்றார்கள். ஒருவழியாக என் வரவேற்பறைக்கும் ஆள் வரப்போகிறது என்ற உற்சாகத்தில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். போர்ட்டிகோவில் ஒரு டெம்போ நின்றது, பின்னால் முழுக்கச் செடிகள். உள்ளே போனால், லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் என் மேஜையருகே நின்று, வெள்ளைத் தொட்டிக்குள்ளிருந்து என் செடியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"யார் நீங்க? என் செடியை எங்க கொண்டு போறீங்க?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாத்தறதுதான் மேடம். மாசாமாசம் மாத்திக்கினுதான கீறோம்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். செடிகள் எதுவும் கம்பெனியுடையவை அல்ல, வாடகைக்கு வருபவை. படப்பைப் பக்கத்தில் உள்ள ஒரு நர்சரி அந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் செடி விடுகிறது. ஏசியில் நின்று சோர்ந்துபோவதற்குள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பழையதை எடுத்துப்போய் வெயிலில் வைத்துவிட்டு, புதியதை வைத்துவிட்டுப் போவார்கள். பீங்கான் தொட்டி மட்டும் இடத்தை விட்டு நகராது. உள்ளே இருப்பது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, அதைத் தூக்கிவிட்டு இன்னொன்றை இறக்கினால் தீர்ந்தது வேலை. காவலாளிக்குத் தெரியும். மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாதக்கணக்கில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

"அப்ப பொங்கல் சமயத்துல இருந்தது?"

"அது வேற செடி மேடம். அதுக்கு முன்ன வேற."

கூடிய இலை, காணாமல் போன இலை, திங்கட்கிழமைப் பளபளப்பு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. நான் பஸ் பெண்ணைப் பற்றிச் சொன்னதைக் கேட்டது ஒரு செடி. அம்மாவின் மீது கோபப்பட்டதைக் கேட்டது இன்னொரு செடி. சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு அழுகை வந்தது, அவர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கறுப்புத் தொட்டியைத் தூக்கியபோது கீழேயிருந்து தண்ணீர் ஒழுகியது. பீங்கான் தொட்டியில் ஓட்டை கிடையாது. நான் ஊற்றியதெல்லாம் அடியில் தேங்கி, செடி அதிலேயே நின்றிருக்கிறது. அழுகல் நாற்றம் குப்பென்று வந்தது. வெளியிலிருந்து பார்க்க நிமிர்ந்து நின்ற இலைகளை அவர் லேசாக இழுத்ததும் ஒன்று கையோடு வந்துவிட்டது, அடிப்பாகம் கொழகொழவென்று பழுப்பாக இருந்தது.

"இந்த கம்பெனிலர்ந்து மட்டும் ரிசப்ஷன் செடி இப்டிதான் வருது. இன்னா எழவுடா இதுன்னு ஓனர் என்னத் திட்றாரு. நான் வண்டி ஓட்றவன் மேடம், செடியப் பத்தி எனுக்கு ஒண்ணும் தெரியாது." பிறகு என் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர்.

நான் இல்லாத ஞாயிறுகளில் எவரோ வந்து மாற்றி வைத்ததால்தான் என் அன்பைச் செடி தாங்கியிருக்கிறது. இல்லையென்றால் முதல் செடியே என் கையால் போய்ச் சேர்ந்திருக்கும்.

"இதை என்ன பண்ணுவீங்க?"

"தூக்கித்தான் போடுவோம்."

"எனக்குக் குடுங்க."

"நல்லதா ஒண்ணு எட்துக்கோங்களேன்."

"இது போதும்."

அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு நல்ல துண்டைச் சில நாள் காயவிட்டு மணலில் நட்டால் வரும் என்று முதலாளி சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றார், பொறுப்பு ஏற்காத குரலில். துணிக்கடைப் பையில் சுற்றிக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு குன்றத்தூர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, செடி மாறிய கதையைத்தான் சொன்னேன். அக்கா மாப்பை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நல்லா வேணும் உனுக்கு" என்று சொல்லிவிட்டு, டீ வந்ததும் எனக்கும் ஒரு கப் எடுத்து வைத்தாள்.

இந்த முறை சொன்னபடி கேட்டேன். இலையின் நல்ல பகுதியை வெட்டி, ஜன்னல் கட்டையில் காயவைத்து, பழைய பெயிண்ட் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மணலும் மண்ணும் கலந்து நட்டேன். தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. கை பாட்டிலுக்குப் போகும், நான் கையைத் திட்டுவேன். வாரக்கணக்கில் அந்தத் துண்டு குச்சி மாதிரி நின்றது. செத்ததா இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்கினேன். அறைக்காரிகள் அதைப் பார்த்திருப்பார்களா என்பதுகூடத் தெரியாது.

சில மாதங்கள் கழித்து மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு குருத்து வந்தது. வளர வளரப் பார்த்தால் அதில் மஞ்சள் கரை இல்லை. வெறும் பச்சை. இலையை வெட்டி நட்டால் இந்தச் செடிக்கு அந்தக் கரை வராது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நர்சரிக்காரர்கள் இதை மட்டம் என்பார்கள், விலை போகாது. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. எவரும் வந்து மாற்றி வைத்துவிட முடியாத ஒரு செடி, என் கையில் வந்தது, என்னுடையது. அவ்வளவுதான், இனி நான் தனியாக இல்லை என்றே நம்பினேன்.

அடுத்த கோடையில் எனக்கு அம்மை போட்டது. விடுதியில் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அன்றைக்கே பஸ் ஏற்றிவிட்டார்கள். ஊரில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பின்னும் உடம்பு தேறவில்லை என்று அம்மா விடவில்லை. படுத்த இடத்திலிருந்தே செடியைப் பற்றித்தான் யோசனை. பகலில் தூங்குகிற அறைக்காரிகள் ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள், வெயில் காலம் வேறு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். போன் போட்டு ஊற்றச் சொல்லலாம் என்றால் அறைக்காரிகளின் நம்பர் என்னிடம் இல்லை.

திரும்பி வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் ஜன்னலுக்குப் போனேன். செடி அப்படியே இருந்தது. இன்னும் சொல்லப்போனால், பக்கத்தில் புதிதாக ஒரு குருத்து விட்டிருந்தது. மண் கல்லாக இறுகியிருந்தது. எவரும் ஊற்றவில்லை. தூசியைத் தட்டிவிட்டால் போதும், நான் போன அன்றைக்கு இருந்த அதே நிமிர்வு.

யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் நான் வரவில்லையே, ஒரு இலையாவது தொங்கியிருக்கக் கூடாதா. வேலைக்குப் போனேன். என் நாற்காலியில் இத்தனை நாளும் அக்கவுண்ட்ஸிலிருந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம், எந்தக் குறையும் இல்லையாம். காவலாளி "என்னம்மா, ரெண்டு நாளா ஆளைக் காணோம்" என்றார். அக்கா மட்டும்தான் "மூஞ்சில்லாம் இன்னா இப்டி தழும்பா கீது" என்று கேட்டாள். சாயங்காலம் அறைக்கு வந்து செடி முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். ஒரு தப்பும் செய்யாத செடி அது. கவனிப்பு வேண்டாம் என்று எழுதிப் போட்டிருந்ததை முதல் நாளே படித்தவள் நான்தான்.

அந்த ஞாயிறு குன்றத்தூர் மலையடிவாரத்தில் சாலையோரம் செடி விற்கிறவரிடம் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் தொடங்கிவிட்டார். "ஹாஸ்டலா? ஒண்ணுமே பாத்துக்க வேணாம், வச்சா வச்ச எடத்துல கெடக்கும், அந்த மாதிரி செடி கீது, தரட்டா?"

"அது வேண்டாம். ஒருநாள் தண்ணி ஊத்தலன்னா வாடிப் போற செடி எது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் மாத்திதான் கேப்பாங்க."

"தெரியும். எது வாடும்?"

காசித்தும்பையைக் காட்டினார். ரோஸ் நிறப் பூ. வெயில் காலத்தில் காலையில் ஊற்றியது சாயங்காலம் வரை காணாது, தலை சாய்ந்துவிடும், பார்த்துக்கோ என்று எச்சரித்தார். இரண்டு தொட்டி வாங்கினேன். அறையில் வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றுதான். மருள் செடியை மூலைக்கு நகர்த்தினேன், அது தன் பாட்டுக்கு அங்கே நின்றது.

முதல் நாள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி அறைக்கு வந்தபோது இரண்டும் தண்டு துவண்டு, இலையெல்லாம் தொங்கி, பார்க்கப் பாவமாக இருந்தன. செருப்பைக் கழற்றாமல் தண்ணீர் ஊற்றினேன். முகம் கழுவி, உடை மாற்றி, கீழே மெஸ்ஸில் டீ வாங்கிக்கொண்டு மேலே வருவதற்குள் இலைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்தன. கட்டிலில் உட்கார்ந்து டீ ஆறும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் வராவிட்டால் அவை தலை தூக்காது. அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.